பழைய தானுந்துகளில் பற்றவைப்பு நேரம் அமைத்தல்

பற்றவைப்பு நேரம் அமைத்தல் என்பது, பெட்ரோல் எஞ்சினின் உருளைக்குள் தீப்பொறி தோன்ற வேண்டிய கணத்தைக் கிராங்க் தண்டின் சுழற்சிக் கோணத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் பணியாகும். பணிமனைகளில் இதனை 'டைமிங் வைத்தல்' என்பர். இன்றைய தானுந்துகளில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் உரிய நேரத்தைக் கணினியே கணித்துக் கொள்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரும் பாயிண்டும் கொண்ட பழைய தானுந்துகளிலோ இதனைக் கையால்தான் அமைக்க வேண்டும். சில பாகை பிழைத்தால் எஞ்சினின் ஆற்றல் குறையும், எரிபொருள் வீணாகும். பிழை பெரிதானால் வெளிப்போக்கு வால்வு கருகுவதும் பிஸ்டனின் தலையில் துளை விழுவதும் உண்டு.

ஏன் முன்கூட்டியே தீப்பொறி தேவை

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் மேலேறிப் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்துகிறது. பிஸ்டன் ஏறக்கூடிய மிக உயர்ந்த இடம் உச்சநிலை எனப்படும். மெக்கானிக்குகள் இதனை டி.டி.சி. என்பர். கலவை ஒரே நொடியில் வெடித்துவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் பிளக்கின் முனையில் தோன்றும் சிறு சுடர் உருளை முழுவதும் பரவ ஏறக்குறைய 2 மில்லி நொடிகள் ஆகின்றன. உருளைக்குள் அழுத்தம் உச்சத்தை அடையும் நேரத்தில் பிஸ்டன் உச்சநிலையைத் தாண்டி 12 முதல் 18 பாகை வரை இறங்கியிருந்தால்தான் அந்த அழுத்தம் கிராங்க் தண்டை நன்கு திருப்பும். ஆகவே பிஸ்டன் இன்னும் மேலேறிக் கொண்டிருக்கும்போதே தீப்பொறியை எழுப்ப வேண்டியுள்ளது. உச்சநிலைக்கு எத்தனை பாகை முன்னதாகத் தீப்பொறி எழுகிறதோ அதுவே முன்னேற்றக் கோணம் ஆகும்.

நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் கிராங்க் தண்டு 2 மில்லி நொடியில் 10 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே திரும்புகிறது. 3000 சுற்று வேகத்தில் அதே நேரத்தில் 36 பாகை திரும்பிவிடுகிறது. எனவே வேகம் கூடும்போது தீப்பொறியும் முன்னே செல்ல வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. வேகம் கூடும்போது உருளைக்குள் கலவை சுழன்று கலங்குவதால் சுடரும் விரைவாகப் பரவுகிறது. பெரும்பாலான பழைய எஞ்சின்களுக்கு, முழுச் சுமையில் ஏறக்குறைய 30 முதல் 35 பாகைக்கு மேல் தேவைப்படாமைக்கு இதுவே காரணம்.

சுமையும் இதில் பங்கு கொள்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சமதரையில் செல்லும்போது உருளைக்குள் புகும் கலவை குறைவு. அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும் என்பதால் அப்போது கூடுதல் முன்னேற்றம் வேண்டும். மேட்டில் முழுமையாக மிதித்து ஏறும்போது கலவை அடர்ந்து விரைவாக எரிகிறது. அப்போது முன்னேற்றம் குறைய வேண்டும்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் இந்தக் கோணத்தை ஓட்டுநரே பயணத்தின்போது மாற்றிக் கொண்டிருந்தார். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்டு மாடல் டி தானுந்தில் ஸ்டியரிங் தண்டின் இடப்புறம் இதற்கென ஒரு நெம்புகோல் இருந்தது. அதனை மேலே தள்ளினால் தீப்பொறி தாமதமாகும், கீழே இழுத்தால் முன்னதாகும். எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்புவதற்கு முன் நெம்புகோலை மேலே தள்ளி வைக்க மறக்கக் கூடாது. மறந்தால், பிஸ்டன் உச்சநிலையை அடையும் முன்பே கலவை எரிந்து எஞ்சினைப் பின்னோக்கித் தள்ளும். கைப்பிடி எதிர்த்திசையில் வேகமாகத் திரும்பிச் சுழற்றியவரின் மணிக்கட்டை முறித்துவிடும். இவ்வாறு மணிக்கட்டருகே ஆரை எலும்பின் முனை உடைவதற்கு மருத்துவ நூல்களில் 'ஓட்டுநர் முறிவு' என்னும் பெயர் இன்றும் உள்ளது. கைப்பிடி மறைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் எலும்பு மருத்துவம் பயிலும் மாணவர்கள் அப்பெயரைப் படிக்கிறார்கள்.

மின்கலம், சுருள், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்ட பற்றவைப்பு முறையை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் ஆவார். இம்முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக் தானுந்துகளில் இடம்பெற்றது. 1912இல் அவருடைய மின் ஸ்டார்ட்டரும் காடிலாக்கில் வந்தது. கெட்டரிங் முறை சிறு மாற்றங்களுடன் ஏறக்குறைய 60 ஆண்டுகள் உலகின் பெரும்பாலான பெட்ரோல் தானுந்துகளில் நிலைத்திருந்தது. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்சு உருவாக்கிய அம்பாசடர், இலங்கைச் சாலைகளில் இன்றும் காணப்படும் மோரிசு மைனர் ஆகியவை இம்முறையில் அமைந்த எஞ்சின்களைக் கொண்டவையே.

டிஸ்ட்ரிபியூட்டரின் அமைப்பு

டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. நான்கு வீச்சுச் சுழற்சி ஒன்றுக்குக் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுகள் சுற்றுவதே இதற்குக் காரணம். நான்கு உருளை எஞ்சினின் நடுத்தண்டில் நான்கு புடைப்புகள் உண்டு. ஒவ்வொரு புடைப்பும் பாயிண்டைத் தள்ளித் திறக்கும்போது சுருளின் முதன்மைச் சுற்றில் ஓடிய மின்னோட்டம் அறுபடுகிறது. உடனே இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றுகிறது. மேலே சுழலும் ரோட்டார் அதனை உரிய பிளக்குக்கு அனுப்புகிறது. ஆகவே தீப்பொறியின் நேரம் என்பது பாயிண்ட் திறக்கும் நேரமே ஆகும். பாயிண்ட் மூடும்போது தீப்பொறி எழுவதாகக் கருதுவது புதிதாகக் கற்பவர்களின் வழக்கமான பிழை. பாயிண்டுக்கு இணையாக உள்ள கண்டன்சர், பாயிண்ட் திறக்கும்போது அதில் பொறி பறந்து முனைகள் கருகுவதைத் தடுக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் சுருள்வில்களால் இழுத்துப் பிடிக்கப்பட்ட இரு எடைகள் உள்ளன. வேகம் கூடும்போது இவை வெளியே விரிந்து புடைப்புத் தண்டைச் சற்று முன்னே திருப்புகின்றன. பக்கவாட்டில் உள்ள தட்டையான டப்பாவில் ஒரு சவ்வு இருக்கிறது. கார்புரேட்டர் அல்லது உள்ளிழு குழாயின் வெற்றிடம் இச்சவ்வை இழுக்க, பாயிண்ட் பொருத்திய தட்டு திரும்புகிறது. முன்னது வேகத்துக்கும் பின்னது சுமைக்கும் ஏற்ப நேரத்தை மாற்றுகின்றன. மெக்கானிக் அமைப்பது இவ்விரண்டுக்கும் அடிப்படையான தொடக்கக் கோணத்தை மட்டுமே. எடைகள் துருப்பிடித்து இறுகியிருந்தால், தொடக்கக் கோணம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எஞ்சின் வேகத்தில் சோம்பியே ஓடும்.

நாக்கிங்

தீப்பொறி மிக முன்னதாக எழுந்தால் உருளைக்குள் அழுத்தமும் வெப்பமும் அளவு மீறி உயர்கின்றன. சுடர் இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை தானாகவே பற்றி ஒரேயடியாக எரிந்துவிடுகிறது. அப்போது எழும் அழுத்த அலைகள் உருளைச் சுவரில் மோதும் ஓசையே நாக்கிங் எனப்படும். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற இந்த ஓசை, உயர்ந்த கியரில் மெதுவாகச் சென்று கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதித்தால் எளிதில் கேட்கும்.

பிஸ்டன், உருளைச் சுவர் ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய வளிமப் படலம் உலோகத்தை வெப்பத்திலிருந்து காக்கிறது. நாக்கிங்கின் அலைகள் இப்படலத்தைக் கலைத்துவிடுகின்றன. வெப்பம் நேரடியாக அலுமினியப் பிஸ்டனில் பாய்ந்து அதன் விளிம்பை அரிக்கிறது. மெதுவான வேகத்தில் ஓசை கேட்டவுடன் ஓட்டுநர் காலை எடுத்துவிடலாம். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சலிலும் எஞ்சினின் இரைச்சலிலும் நாக்கிங் காதில் விழுவதே இல்லை. பிஸ்டன் உடைந்த பின்னரே தெரியவரும் சேதங்கள் பெரும்பாலும் இவ்வகையின.

தீப்பொறி எழும் முன்பே, சிவக்கக் காய்ந்த கரித்துகளோ பிளக் முனையோ கலவையைப் பற்ற வைப்பது வேறொரு கோளாறு ஆகும். இது முன்பற்றல் எனப்படும். பற்றவைப்பு நேரத்தை மாற்றுவதால் மட்டும் முன்பற்றல் நீங்காது. எனினும் நீடித்த நாக்கிங்கின் வெப்பமே முன்பற்றலைத் தொடங்கி வைப்பதுண்டு.

தீப்பொறி தாமதமானால் ஓசை எதுவும் எழாது. அதனால் இது கேடற்றது எனச் சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. பிஸ்டன் இறங்கும்போதும் கலவை எரிந்து கொண்டிருப்பதால் மிகுந்த வெப்பத்துடன் புகை வெளியேறுகிறது. வெளிப்போக்கு வால்வுகள் கருகுகின்றன, ரேடியேட்டர் நீர் கொதிக்கிறது, ஆற்றலும் குறைகிறது. கோடையில் காரணம் தெரியாமல் நீர் கொதிக்கும் பழைய வண்டியில் ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் டைமிங்கைப் பார்ப்பது நல்லது.

அமைக்கும் முறை

பின்வரும் விளக்கத்துக்கு 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான எம்.ஜி.பி. தானுந்தின் 1798 கன செ.மீ. எஞ்சின் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இது பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 கன செ.மீ. எஞ்சினும் இதே வரிசையினதே. ஆகவே செய்முறை இரண்டுக்கும் பெரிதும் பொருந்தும். கோண அளவை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். 1960களின் எம்.ஜி.பி. எஞ்சினுக்கு நிலைமுறையில் உச்சநிலைக்கு 10 பாகை முன்னும், ஒளிவிளக்கு முறையில் 600 சுற்று வேகத்தில் 14 பாகை முன்னும் அளவாகக் குறிக்கப்பட்டுள்ளன. எஞ்சின் ஓடும்போது எடைகள் சற்று விரியத் தொடங்கிவிடுவதே இவ்விரு எண்களும் வேறுபடக் காரணம்.

முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பாயிண்டின் குதிகால் புடைப்பின் உச்சியில் இருக்கும்போது பீலர் கேஜால் அளந்து 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்கப்படுகிறது. இந்த வரிசை முக்கியமானது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். டைமிங்கை வைத்துவிட்டுப் பின்னர் பாயிண்டைத் தொட்டால் செய்த வேலை வீண். ஓட ஓடக் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்குவதால், நன்றாக அமைத்த டைமிங்கும் நாளடைவில் தாமதமாகி விடுகிறது.

அடுத்து முதல் உருளையின் அழுத்த வீச்சைக் கண்டுபிடிக்க வேண்டும். கிராங்க் கப்பியில் உள்ள வெட்டு, டைமிங் உறையில் நீட்டியிருக்கும் முட்களுக்கு நேராக இரண்டு சுற்றில் இருமுறை வரும். ஒன்று அழுத்த வீச்சின் முடிவு, மற்றது வெளியேற்ற வீச்சின் முடிவு. முதல் பிளக்கைக் கழற்றி அதன் துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினைத் திருப்பினால், அழுத்த வீச்சில் காற்று விரலைத் தள்ளும். வால்வு மூடியைத் திறந்து பார்ப்பவர்கள், நான்காம் உருளையின் வால்வுகள் ஒன்று மூடி மற்றது திறக்கும் தருணத்தை அடையாளமாகக் கொள்ளலாம். அப்போது முதல் உருளை அழுத்த வீச்சில் உச்சநிலையில் இருக்கும். இந்த எஞ்சினில் பற்றும் வரிசை 1-3-4-2 ஆகும். தவறான சுற்றைத் தேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால் எஞ்சின் கிளம்பாது. கார்புரேட்டர் வழியாக நெருப்புடன் சீறுவதும் நடக்கும்.

கப்பியின் வெட்டையே முழுமையாக நம்பிவிடக் கூடாது. சில எஞ்சின்களில் கப்பி, அதிர்வைத் தணிக்க ரப்பர் இடையிட்ட இரு வளையங்களால் ஆனது. ரப்பர் முதுமையடைந்தால் வெளிவளையம் நழுவிக் குறியும் இடம் மாறிவிடும். ஐயம் இருப்பின் உண்மையான உச்சநிலையைத் தனியே காணலாம். பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகிப் பிஸ்டன் அதில் முட்டும்வரை எஞ்சினை மெதுவாகக் கையால் திருப்பிக் கப்பியில் ஒரு கோடு இட வேண்டும். பிறகு எதிர்த்திசையில் முட்டும்வரை திருப்பி இன்னொரு கோடு இட வேண்டும். இரு கோடுகளுக்கும் சரிநடுவே இருப்பது உச்சநிலை. இச்சோதனையை ஒருபோதும் ஸ்டார்ட்டரைக் கொண்டு செய்யக் கூடாது. பிஸ்டன் உடைந்துவிடும்.

நிலைமுறையில் எஞ்சின் ஓடுவதில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சின் எளிதாகத் திரும்பும். கப்பியின் வெட்டு 10 பாகை முள்ளுக்கு நேராக வரும்வரை எஞ்சினை அது ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும். தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னே கொண்டு சென்று மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். டைமிங் சங்கிலியிலும் பற்சக்கரங்களிலும் உள்ள தளர்ச்சி அளவைக் கெடுக்காதிருக்கவே இந்த எச்சரிக்கை. ஒரு 12 வோல்ட் சிறுவிளக்கின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் தாழ் மின்னழுத்த முனையிலும் மற்றதை எஞ்சினின் உலோகப் பகுதியிலும் இணைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்னோட்டம் அதன் வழியே சென்றுவிடுவதால் விளக்கு எரியாது. திறந்த கணத்தில் விளக்கு எரியும்.

இந்த எஞ்சினின் ரோட்டார் மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. பிடிப்புத் திருகைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் பாயிண்ட் மூடி விளக்கு அணையும். பின்பு வலஞ்சுழியாக மிக மெதுவாகத் திருப்பி, விளக்கு எரியும் இடத்திலேயே நிறுத்தித் திருகை இறுக்க வேண்டும். இறுக்கும்போது உடல் சற்று நகர்வது வழக்கம் என்பதால் சரிபார்ப்பு தேவை. கிராங்க் தண்டை முன்னோக்கி இரண்டு முழுச் சுற்றுகள் திருப்ப, முள்ளும் வெட்டும் சந்திக்கும் அதே கணத்தில் விளக்கு எரிய வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் திருப்பி வைத்தால் சுருள் சூடாகிப் பழுதடையும்.

ஒளிவிளக்கு முறையில் எஞ்சின் ஓடும்போதே அளவு பார்க்கப்படுகிறது. முதல் பிளக்கின் கம்பியோடு இணைத்த ஸ்ட்ரோப் விளக்கு, அந்தப் பிளக்கில் தீப்பொறி எழும் ஒவ்வொரு முறையும் மின்னும். சுண்ணக்கட்டியால் தீட்டிய கப்பிக் குறி அதன் ஒளியில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, குறித்த வேகத்தில் ஓடவிட்டுக் குறி எந்தக் கோணத்தில் நிற்கிறது எனப் பார்க்க வேண்டும். நிலைமுறையால் அறிய முடியாத பலவற்றை இம்முறை காட்டிவிடும். வேகத்தைக் கூட்டும்போது குறி சீராக முன்னே நகர்ந்தால் எடைகள் நன்றாக உள்ளன. நகராவிட்டால் அவை இறுகிவிட்டன. குறி நடுங்கினால் நடுத்தண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். சற்றுக் கூடிய வேகத்தில் வெற்றிடக் குழாயை மீண்டும் மாட்டியதும் குறி இன்னும் முன்னே செல்ல வேண்டும். செல்லாவிட்டால் சவ்வு கிழிந்திருக்கக் கூடும். சவ்வு கிழிந்த வண்டி நன்றாகவே ஓடுவதுபோல் தோன்றும். பெட்ரோல் செலவு மட்டும் காரணமின்றிக் கூடும்.

ஸ்ட்ரோப் ஒளியில் ரேடியேட்டர் விசிறியும் நின்றுவிட்டது போலவோ மெதுவாகச் சுழல்வது போலவோ தோன்றக்கூடும். இத்தோற்றத்தை நம்பிக் கை நீட்டி விரல்களை இழந்தவர்கள் உண்டு. தளர்ந்த உடை, கழுத்துத் துண்டு ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. 1960களின் பல பிரித்தானியத் தானுந்துகளில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மின்கலத்திலிருந்து மின்சாரம் பெறும் ஸ்ட்ரோப் விளக்குகளை இணைக்கும்போது இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

காதால் அமைத்தல்

கருவி ஏதுமின்றி, எஞ்சினை ஓடவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, வேகம் மிகுதியாகும் இடத்தைக் கண்டு அங்கிருந்து சற்றே பின்வாங்கி இறுக்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் உண்டு. வண்டியைச் சாலையில் நிறுத்திவிடாமல் வீடு கொண்டு சேர்க்க இது உதவும். ஆயினும் சுமையற்ற எஞ்சின் தனக்குத் தேவையானதைவிட மிகுந்த முன்னேற்றத்தையும் விரும்பி ஏற்கும். அந்த அளவிலேயே விட்டுவிட்டால் மேட்டில் நாக்கிங் உறுதி. எனவே காதால் அமைத்தபின் சாலைச் சோதனை தேவை. எஞ்சின் நன்கு சூடான பின், உயர்ந்த கியரில் மணிக்கு 50 கி.மீ. அளவில் செல்லும்போது முழுமையாக மிதித்துப் பார்க்க வேண்டும். ஓசை தொடர்ந்து கேட்டால் ஓரிரு பாகை தாமதப்படுத்த வேண்டும். லூகாசு நிறுவனத்தின் பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் இத்தகைய நுண்திருத்தத்துக்கென்றே ஒரு சிறு திருகுக் குமிழ் பக்கத்தில் அமைந்துள்ளது.

எரிபொருள் மாற்றங்கள்

கையேட்டில் உள்ள கோணம், அந்நாளில் கிடைத்த பெட்ரோலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஒரு பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதை ஆக்டேன் எண் குறிக்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 எனக் கொண்டு இவ்வளவுகோல் அமைந்தது. கெட்டரிங்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமசு மிட்ஜ்லி, 1921இல் டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டறிந்தார். நாக்கிங்குக்குக் கெட்டரிங்கின் மின்கலப் பற்றவைப்பு முறையே காரணம் எனக் குறை கூறப்பட்டதும் அவ்வாய்வு தொடங்கக் காரணமாயிற்று. ஈயம் நச்சுத்தன்மை உடையது, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. இந்தியா முழுவதும் 2000ஆம் ஆண்டிலும் இலங்கையில் 2002இலும் ஈயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது. தானுந்துகளுக்கு அதனைக் கடைசியாக விற்ற நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

எம்.ஜி.பி.யின் அழுத்த விகிதம் 8.8க்கு 1 ஆகும். பிரித்தானியாவின் பழைய நான்கு நட்சத்திரப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 97. எண் 91 உள்ள பெட்ரோலில் இவ்வெஞ்சினைப் பழைய கோணத்திலேயே ஓட்டினால் நாக்கிங் எழ வாய்ப்பு மிகுதி. சில பாகை தாமதப்படுத்துவதே வழக்கமான தீர்வு. இந்தியாவில் 2025 முதல் பரவலாக விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்நிலையைச் சற்று மாற்றியுள்ளது. எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்துவதால் நாக்கிங் குறையும். ஆனால் அதில் ஆக்சிசன் அடங்கியிருப்பதால், பழைய கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு போதாத கலவை உருவாகிறது. அவ்வாறான கலவை மெதுவாகவும் சீரற்றும் எரியும். ஆகவே டைமிங்கைத் திருத்துவதற்கு முன் கார்புரேட்டரின் ஜெட்டைத் திருத்த வேண்டியிருக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும்.

மின்னணு முறைகள்

1973இல் கிரைசுலர் தன் அமெரிக்கத் தானுந்துகள் அனைத்திலும் பாயிண்ட் இல்லாத மின்னணுப் பற்றவைப்பைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்சு 1975இல் அவ்வாறே செய்தது. 1979இல் பாசு நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு, எரிபொருள் தெளிப்பையும் பற்றவைப்பு நேரத்தையும் ஒரே கணினியில் இணைத்து பி.எம்.டபிள்யூ. தானுந்தில் வந்தது. பின்னாளில் எஞ்சினின் உடலில் பொருத்திய உணரி நாக்கிங்கைக் கேட்டவுடன் கணினியே தீப்பொறியைத் தாமதப்படுத்தும் முறையும் பரவியது.

பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பாயிண்டுக்கு மாற்றாக மின்னணு உணரியைப் பொருத்தும் தொகுதிகள் இப்போது கிடைக்கின்றன. இவற்றில் தேயும் குதிகால் இல்லை என்பதால் ஒருமுறை அமைத்த நேரம் நெடுநாள் மாறாது. எடைகளும் வெற்றிடச் சவ்வும் பழையனவாகவே இருப்பதால் அவற்றின் குறைகள் நீங்கா. இத்தொகுதியைப் பொருத்திய பின் டைமிங்கை மீண்டும் புதிதாக அமைக்க வேண்டும். பலவகைத் தொகுதிகளுக்குச் சிறுவிளக்கு முறை பொருந்தாது. ஸ்ட்ரோப் விளக்கே தேவைப்படும்.